புதுக்குடித்தனமும் பட்டினச்சேரிக் கைவேலையும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிரிவுகளில் ஒன்றாகிய காரைக்கால், மூன்று பக்கம் தமிழ்நாட்டின் காவிரி டெல்டா மாவட்டங்களாலும் கிழக்கே வங்கக் கடலாலும் சூழப்பட்ட சிறு நிலப்பரப்பு. அதன் தென்பகுதியில் உள்ள திருமலைராயன்பட்டினம் கொம்யூனில், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பெயராலேயே இன்றும் வழங்கும் உள்ளாட்சி வட்டாரத்தில், பட்டினச்சேரி என்னும் மீனவச் சிற்றூர் கடலையொட்டி அமைந்துள்ளது. மணமான இருவர் பெற்றோரின் அடுப்பிலிருந்து பிரிந்து தமக்கென ஓர் அடுப்பு மூட்டுவதையே தமிழில் தனிக்குடித்தனம் என்கிறோம். அதை இந்தக் கரையோரத்தில் வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது: கொத்தனாரும் தச்சரும் முடித்துக்கொடுக்கும் கட்டடத்தில் நிழலும், புகை போகும் அடுப்படியும், மீன் காயவைக்கும் இடமும், சட்டியைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடும் வசதியும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றைக் குடிவருபவர்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையைத் தாக்கியதற்குப் பின் இந்தக் குறை பேரளவில் வெளிப்பட்டது. காரைக்கால், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் கூரை வீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடுகளைக் கட்டித்தந்தன; தமிழ்நாட்டில் அவ்வீடுகள் பெரும்பாலும் 325 சதுர அடி அளவில் அமைந்தன. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கட்டடக் கலைஞர் பென்னி குரியாக்கோஸின் வடிவமைப்பில், குடியிருக்கப்போகும் குடும்பங்களைக் கலந்து வீடுகளை எழுப்பியது. இவ்வாறு கேட்டுக் கட்டியவர்கள் சிலரே. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள் எழுந்த இடங்களில், மக்கள் உள்ளே இருந்த சமையலறையைப் பொருள் வைக்கும் அறையாக்கிவிட்டு, பின்புறத்தில் கீற்றுச் சாய்ப்பு இறக்கி அதன்கீழ் விறகடுப்பு போட்டுக்கொண்டதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். இதை நன்றி கெட்ட செயலாகப் பார்த்த அதிகாரிகளும் உண்டு. ஆனால் கான்கிரீட் தளம் பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடுவதால் உள்ளே புழுக்கம் குறைவதில்லை என்பதையும், மீன் சமைக்கும் வீட்டில் புகையும் வாடையும் வெளியேறியாக வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தச் சாய்ப்பு கட்டட வரைபடம் விட்டுவிட்ட ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

அந்தச் சாய்ப்புக்கு வேண்டிய கீற்று முடைதல், கருவியென்று ஓர் அரிவாளுக்கு மேல் எதுவும் கேட்காத எளிய கைத்தொழில். முற்றிய தென்னை மட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இதனால் ஓலை நெகிழ்ந்து முறியாமல் வளைவதோடு, பூச்சிக்கு உணவாகும் சத்துகள் ஓரளவு நீரில் கரைந்து போவதால் கீற்றும் கூடுதல் காலம் நிற்கும். ஊறிய பாதி மட்டையைத் தரையில் கிடத்தி, ஓர் ஓலையை விட்டு அடுத்த ஓலையை மடக்கி, மடக்கியதை நிற்கும் ஓலைகளின் மேலும் கீழுமாகக் கோத்துச் சென்றால், பாய் போன்ற அடர்ந்த பின்னல் கிடைக்கிறது. இந்த வேலையை ஒருவரே செய்யலாம். எனினும் முடைந்த கீற்றைச் சட்டத்தின் மேல் வேயும்போது மேலிருந்து கட்டுபவர் ஒருவரும் கீழிருந்து எடுத்துக்கொடுப்பவர் ஒருவரும் தேவைப்படுவதால், புதுக்குடித்தனக்காரர்கள் சேர்ந்து செய்யும் முதல் பெரிய வேலையாக இது அமைந்துவிடுகிறது. அடிவரிசையில் தொடங்கி மேல்நோக்கி வேய்ந்து, ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ள வரிசையின் மேல் பாதியளவு ஏறியிருக்குமாறு கட்டினால்தான் மழைநீர் வழிந்தோடும். ஓரிரு ஆண்டில் கீற்று மட்கிவிடும் என்பது உண்மையே, ஆயினும் காற்று உள்ளே வந்து போகும் நிழலை அவ்வளவு மலிவாகத் தரும் பொருள் கரையோரத்தில் வேறில்லை. முடைவதற்குத் தகாத காய்ந்த ஓலைகளைக் கத்தியால் சீவி, நடுநரம்பாகிய ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் முற்றம் பெருக்கும் விளக்குமாறு கிடைக்கிறது. மட்டையின் அடிப்பகுதி அடுப்புக்குப் போகிறது.

சாய்ப்பு நின்றபின் அடுப்பு. புது வீட்டில் முதலில் பால் காய்ச்சிப் பொங்கவிடும் வழக்கம் தமிழகமெங்கும் உள்ளதே. பால் சூடாகும்போது கொழுப்பும் புரதமும் சேர்ந்து மேற்பரப்பில் ஏடாகப் படிந்து, அடியிலிருந்து எழும் நீராவியை அடைத்து வைப்பதால்தான் அது தண்ணீரைப் போலக் கொதிக்காமல் எழும்பிப் பொங்குகிறது. இந்தச் சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீன் குழம்புக்கான மண் சட்டியைப் பழக்குவதற்கோ சில நாட்களாகும். புதுச் சட்டியை ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, பின்னர் சோறு வடித்த கஞ்சியை அதில் ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுவதை மூன்று நான்கு முறை செய்வார்கள். சுட்ட மண்ணிலுள்ள நுண்துளைகளில் கஞ்சியின் மாவுப்பொருள் புகுந்து அடைத்துக்கொள்வதால் சட்டி கசிவதும், மண் வாசனை குழம்பில் இறங்குவதும் நிற்கின்றன. பழகாத சட்டியை நேரடியாக எரியும் தீயில் வைத்து விரிசல் கண்டபின் குயவரைக் குறை சொல்வது புதுக்குடித்தனங்களில் வழக்கமாக நேர்வதுதான்.

இவ்வட்டாரச் சமையல் எளிமையாக இருப்பதற்கு வறுமை மட்டும் காரணமன்று, நேரமும் காரணம். ஆண்கள் கடலுக்குப் போகும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்க, பெண்கள் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றுத் திரும்புகிறார்கள். ஆகவே அரைமணி நேரத்துக்குள் முடியாத சமையல் அங்கே நிலைத்திருக்க வாய்ப்பில்லை. இருவருக்கான குழம்புக்குக் கால் கிலோ சங்கராவோ கிழங்கானோ போதும். சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு தக்காளியையும் வதக்கி, மிளகாய்த்தூள், அதைப்போல் இரு மடங்கு மல்லித்தூள், சிறிது மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து, சிறு நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி உப்பிட வேண்டும். பச்சை வாசனை போய் ஓரங்களில் எண்ணெய் பிரியும்வரை இது கொதித்த பிறகே மீன் துண்டுகளை இறக்க வேண்டும். அதன்பின் கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றிவிட்டு, எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். கடல்மீன் பிடிபட்டு நேரமாக ஆக, அதன் தசையிலுள்ள ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமீன் என்னும் வேதிப்பொருளாக மாற்றுகின்றன; மீன் வாடை என்பது பெரும்பாலும் இதுதான். புளியின் அமிலம் அதனுடன் சேர்ந்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் வாடை அடங்கிவிடுகிறது. மறுநாள் குழம்பு கூடுதலாக ருசிப்பதற்குக் காரணம், புளியும் உப்பும் காரமும் இரவெல்லாம் மீனுக்குள் ஊறுவதுதான்.

சுறாப் புட்டு இதைவிட எளியது. பால்சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்ட நீரில் வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, தசையை நீர் போகப் பிழிந்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், நிறையப் பூண்டு ஆகியவற்றோடு வதக்கினால் அது முடிந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க இதைக் கொடுக்கும் வழக்கம் தமிழ்க் கடற்கரையெங்கும் இருப்பதால், தனிக்குடித்தனம் போகும் மகளுக்குத் தாய் சொல்லித்தரும் பண்டங்களில் இதுவும் இடம்பெறுகிறது.

ஆண்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. பச்சை மீன் அருகிப் போகும் இப்பருவமும் மாங்காய்ப் பருவமும் ஒன்றாக வருவது சமையலுக்குக் கிடைத்த நற்பேறு. அப்போது கைகொடுப்பது கருவாடு. உப்பு மீனின் ஈரத்தை வெளியே இழுத்துவிட, வெயில் மீதியை உலர்த்த, நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீர் இல்லாமற் போவதால் கருவாடு கெடாமல் நிற்கிறது. கூரை வீட்டுக் காலத்தில் மணலில் பாய் விரித்துக் காயவைத்தவர்களுக்குக் கான்கிரீட் வீட்டின் மொட்டை மாடி உண்மையிலேயே ஒரு வசதி, ஏனெனில் மணல் ஒட்டாது, நாய் எட்டாது, பழைய வலைத்துண்டு ஒன்றை மேலே விரித்துவிட்டால் காகமும் அணுகாது. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து இருமுறை அலசி, கத்தரிக்காயோடு குழம்பில் இட்டு, புளியைப் பாதியாகக் குறைத்து மாங்காய்த் துண்டுகளைக் கடைசியில் சேர்ப்பார்கள். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் உப்பைச் சுவை பார்த்த பிறகே போட வேண்டும் என்பதைப் புதியவர்கள் ஒருமுறையேனும் மறந்துவிடுகிறார்கள்.

மாம்பழத்தையும் தனிக்குடித்தனத்தையும் சேர்த்துப் பேசும்போது காரைக்காலின் புகழ்பெற்ற இணையரை விட்டுவிட இயலாது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தின்படி, காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன் தன் ஒரே மகள் புனிதவதியை நாகப்பட்டினத்துப் பரமதத்தனுக்கு மணம் செய்து கொடுத்தபோது, அவளை நாகைக்கு அனுப்ப மனமில்லாமல், தன் வீட்டுக்கு அருகிலேயே வேறொரு வீடு அமைத்துப் பொருளும் கொடுத்து அவர்களைக் குடிவைத்தான். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை, கறி இன்னும் ஆகாத நேரத்தில் பசியோடு வந்த சிவனடியார்க்கு வெறும் சோற்றோடு அவள் படைத்தாள். பின்னர் கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறையருளால் ஒன்று அவள் கைக்கு வந்த கதை எல்லோரும் அறிந்ததே. அந்த அற்புதம் கண்டு அஞ்சிய பரமதத்தன் வணிகத்துக்கென்று கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டதால், இதைப் புதுக்குடித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது சற்றுத் துணிச்சலே. ஆனால் குழம்பு தயாராகாத நேரத்தில் சோற்றுக்கு மாம்பழம் போதும் என்ற அந்த அடுப்படித் தீர்வு இன்றும் செல்லும். இக்கதையை நினைவுகூர்ந்து ஆனி மாதப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் சிவபெருமான் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மக்கள் மாம்பழங்களை வீசி வழிபடுகிறார்கள். மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கடலில் இறங்குவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

பட்டினச்சேரிக்கென்றே ஒரு மாப்பிள்ளையும் உண்டு. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மீனவர் குலத்துப் பத்மினியை மணந்தார் என்பது தலவரலாறு. மாசி மகத்தன்று அவர் தீர்த்தவாரிக்கு, அதாவது கடலாடுவதற்கு, திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது மீனவர்கள் அவரைத் தம் வீட்டு மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள்.

கைவேலையில் வலைக்கே முதலிடம். நைலான் வலைகளை இயந்திரம் பின்னித் தரும் இக்காலத்திலும், பாறையிலும் நண்டுக் கொடுக்கிலும் கிழிந்த கண்களைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். நூல் சுற்றிய வலை ஊசியும், கண்களை ஒரே அளவாக வைக்க உதவும் சிறு மூங்கில் பட்டையும் இதற்குப் போதும். வீட்டுக்கு வலை வேறு வகையில் பயன்படுகிறது. கடலுக்கு உதவாத துண்டை இரண்டு கழிகளுக்கிடையே கட்டினால் பாகலும் அவரையும் படரப் பந்தலாகிறது. அதே முடிச்சுகளைத் தேங்காய்நார்க் கயிற்றில் பெரிதாகப் போட்டால், சட்டியைத் தொங்கவிடும் உறி கிடைக்கிறது. நான்கு கயிறுகளை நடுவில் மடித்து எட்டு முனைகளாக்கி, இரண்டிரண்டாக முடிந்து, அடுத்த வரிசையில் பக்கத்து முனைகளோடு மாற்றி முடிந்து சென்றால் சட்டியைத் தாங்கும் வலைக்கூடு உருவாகும். கான்கிரீட் தளத்தில் மின்விசிறிக்கென்று விட்ட கொக்கிகளில் ஒன்று பல வீடுகளில் இதற்குத்தான் உதவுகிறது.

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இங்குள்ளவர்களுக்குக் கிடைத்தது. அதனால் இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் புதுக்குடித்தனம் பிரான்சின் அடுக்ககங்களில் தொடங்குகிறது. அங்கே கீற்றுச் சாய்ப்பும் இல்லை, கருவாடு காயவைக்க மாடியும் இல்லை. மூடிய சமையலறையில் கருவாட்டை வறுத்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டக்கூடும் என்பதால், அமிலம் வாடையை அடக்கும் குழம்பாகவே அதை வைப்பது அறிவுடைமை. மண் சட்டியைக் கொண்டு செல்வதிலும் ஒரு சிக்கல் உள்ளது: காந்தப்புலத்தால் இரும்பைச் சூடேற்றும் இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறாது. வெறும் வார்ப்பிரும்புச் சட்டியில் புளிக்குழம்பு நெடுநேரம் கிடந்தால் இரும்பு கரைந்து குழம்பு கறுக்கும்; ஆகவே கனமான அடியும் உள்ளே எனாமல் பூச்சும் உள்ள இரும்புச் சட்டியே அங்கே மண் சட்டிக்குப் பதிலாக ஓரளவு பொருந்துகிறது, அதைக் கஞ்சியில் பழக்க வேண்டியதும் இல்லை.