குழாயில் தோற்ற மருந்து
புதுமருந்தின் திறனைப் பரிசோதனைக் குழாயில் மட்டும் அளந்தறிய முயல்வோர் டயெதில்கார்பமசீனின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். பத்தே காபன் அணுக்கள் கொண்ட இச்சிறு மூலக்கூறு, சென்னையில் மருத்துவம் பயின்ற யெல்லப்பிரகட சுப்பாராவ் நெறிப்படுத்திய அமெரிக்க லெடர்லே ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. குழாயிலிட்ட யானைக்கால் நுண்புழுக்களை அது பெரிதும் வருத்துவதில்லை. அவற்றிற்கு இனமான புழு தொற்றிய பருத்தியெலிகளுக்குக் கொடுத்தபோதோ, குருதியிலிருந்த குஞ்சுகள் விரைவில் மறைந்தன! உடலின் எதிர்ப்பாற்றலைத் துணைக்கொண்டே அது தொழிற்படுகின்றது போலும். 1947இல் ஆய்வு வெளியாயிற்று. மறுவாண்டே சுப்பாராவ் காலமானார். கண்டியார் அதிகம் அறியாத இந்நோய் நம் மேற்கு, தெற்குக் கரையோரத்தாரை நெடுங்காலம் வாட்டியது. முதிர்ந்த புழுவைக் கொல்லும் வலி குறைவாதலின், 2002 முதல் 2006 வரை அங்கு அல்பெண்டசோலுடன் இம்மருந்து ஆண்டுதோறும் வழங்கப்பட்டது. இலங்கையில் யானைக்கால்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது.