கொதிக்க வைத்தாலும் போகாதது

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிறதே, பிறகு ஏன் தாம்பரம் பக்கத்துக் கிணற்று நீர் கெடுகிறது?

தொட்டி கழிவை முழுதாகச் சுத்தப்படுத்துவதில்லை. கசடை அடியில் தேக்கி ஓரளவு மக்க வைக்கிறது. மேலே தெளிந்த நீர் அம்மோனியாவோடு உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குகிறது. காற்றுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. மழைநீரில் கரைந்து நிலத்தடிக்குப் போய்விடும். வயலுக்கு நடுவே நாலைந்து வீடுகள் இருந்தவரை மண் தாங்கியது. இன்று அரை கிரவுண்டில் அடுக்குமாடி, தொட்டிக்குப் பக்கத்திலேயே போர்வெல். அடியில் சார்னோக்கைட் பாறை வேறு. அதன் வெடிப்புகளில் ஓடும் நீரை, மணல் வடிகட்டுவதுபோல அந்தப் பாறை வடிகட்டாது.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிஞ்சினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைட்ரேட் போகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்திதான் கூடும். போர்வெல் நீரில் பால்பவுடர் கரைக்கும் தாய்மாருக்கு இதை அவசியம் சொல்லியாக வேண்டும்.

மழைநீர் வடிகாலில் விடப்படும் கழிவோ சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் சேர்ந்து ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. இந்த ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணை, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம்.

5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021இல்தான். வீடுகள் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டன.