நாற்பது பேர், ஒரே செல்போன்: வகுப்பறையில் விநாடி வினா

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் ‘புரிந்ததா?’ என்று கேட்டால், ‘புரிஞ்சுது சார்’ என்று முன்வரிசையிலிருந்து நான்கைந்து குரல்கள் வரும். மற்றவர்களுக்கு என்ன புரிந்தது என்பது காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியவரும். அதை அந்தப் பாடவேளை முடிவதற்குள்ளேயே காட்டிவிடுவதுதான் விளையாட்டு வடிவ விநாடி வினா செயலிகளின் பெரிய பயன். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் குஷி அதற்கு அடுத்தபடி.

இவற்றில் பெயர்பெற்றது காஹூட். நார்வே பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வில் கிளைத்து, 2013இல் எல்லோருக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. கேள்வி பெரிய திரையில் ஓடும். மாணவர் தம் கையிலுள்ள போனில் விடைக்குரிய நிறத்தைத் தொட வேண்டும். பெங்களூரில் 2015இல் தொடங்கிய குவிஸிஸ், இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது. அதில் கேள்வி அவரவர் திரையிலேயே வருவதால் அவரவர் வேகத்தில் எழுதலாம். இரண்டிலும் ஆளுக்கொரு கருவி, குறைந்தது குழுவுக்கு ஒரு கருவியாவது தேவை. ஹைடெக் லேப் உள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்து இவற்றைச் சமாளிக்கலாம்.

லேப் இல்லாத பள்ளிக்கு? அங்கேதான் பிளிக்கர்ஸ் கைகொடுக்கிறது. நம் சூழலுக்கு மிகவும் பொருத்தமானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கணினியில் இறக்கி அச்சிட்டுக்கொள்ளும் அட்டைகள் இதன் அடிப்படை. ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் கோடு போல ஒரு கருப்பு உருவம் இருக்கும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளுக்கு உரியவை. தாம் சரியென்று நினைக்கும் விடையின் எழுத்து மேலே வரும்படி மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் செல்போன் கேமராவை வகுப்பின் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டினால் போதும், யார் எந்த விடையைச் சொன்னார் என்பது பதிவாகிவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதாலும் உருவங்கள் வேறுபடுவதாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. கூச்சப்படும் பிள்ளையும் தயங்காமல் அட்டையைத் தூக்கும்.

ஆனால், செயலி எதுவானாலும் பாதிப் பலன் கேள்வியில்தான் இருக்கிறது. தசம எண் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 0.5, 0.62, 0.125 இவற்றில் எது பெரியது? 0.125 என்று சொல்லும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நூற்று இருபத்தைந்து என்று முழு எண்ணாகப் படிக்கிறது. 0.5 என்று சொல்லும் பிள்ளை, இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்று நம்புகிறது. இரண்டும் வெவ்வேறு குழப்பங்கள். இரண்டையும் வெவ்வேறு விதமாகத்தான் தெளிவிக்க வேண்டும். தவறான விடைகளை இப்படி யோசித்து வைத்தால், திரையில் எழும் பட்டை வரைபடமே அடுத்து எதை நடத்த வேண்டும் என்று சொல்லிவிடும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகள் பலவற்றில் இந்தக் கவனம் இல்லை.

வரைபடம் வந்ததும் சரியான விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வார்கள். விடைகள் சிதறினால், பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதிட வேண்டும். பிறகு அதே கேள்விக்கு மறுபடி விடை. அந்த இரண்டு நிமிடச் சத்தம் தேவையான சத்தம். தலைமையாசிரியர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கவலை தருவது வேகம். காஹூட்டின் வழக்கமான அமைப்பில் உடனடியாகச் சொன்ன சரியான விடைக்கு ஏறத்தாழ 1000 புள்ளிகள். தாமதிக்கத் தாமதிக்க அது பாதி வரை இறங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது அநியாயம். விடை தெரிந்தும் பட்டியலின் அடியில் தன் பெயரைப் பார்க்கும். கேள்விக்கான நேரத்தைக் கூட்டலாம், புள்ளியே இல்லாமலும் வைக்கலாம். அல்லது கேள்வியை ஆசிரியரே உரக்கப் படித்துவிட்டுப் பிறகு நேரத்தை ஓடவிடலாம்.

எப்போது நடத்துவது? பாடம் முடிந்த கையோடு ஒருமுறை, ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவிருந்தது.

இலவசம் என்பதற்கும் எல்லை உண்டு. ஆட்களின் எண்ணிக்கை, வசதிகள் என்று நிறுவனங்கள் அவ்வப்போது கட்டுப்பாடுகளை மாற்றும். பிள்ளைகளின் முழுப்பெயர், மின்னஞ்சல், புகைப்படம் எதையும் கொடுக்காதீர்கள். வரிசை எண் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அச்சட்டம்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு: ஒரு பாடம், மூன்று கேள்விகள், ஒரு செட் பிளிக்கர்ஸ் அட்டைகள் போதும். தடிமனான தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவால் அட்டையைப் படிக்க முடியாது.