நுரையும் நஞ்சும்

கருநாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, பெங்களூரின் கிழக்குப் புறத்தைக் கடந்து, ஓசூருக்கு அருகே தமிழகத்தினுள் நுழைகின்றது. அங்குள்ள கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் எழுந்த காட்சியை அண்மை ஆண்டுகளில் மாணவர்கள் பலமுறை செய்தித்தாள்களிற் கண்டிருப்பார்கள். நகரத்துச் சாக்கடையும் சவர்க்காரப் பொருள்களும் கலந்ததன் விளைவு அது.

நுரை கண்ணுக்குத் தெரிகின்றது, ஆதலால் அஞ்சுகிறோம். இதே மாவட்டத்தில் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு பற்களிலே கறையாகத் தெரிந்தது. 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமும் வந்தது. ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களுக்கு நிறமோ மணமோ சுவையோ நம்மை எச்சரிக்கும் அளவுக்கு இருப்பதில்லை. அவை பல்லாண்டுகள் உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தையும், குறிப்பாக ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் தாக்குகின்றன.

இவை எங்கிருந்து வருகின்றன? 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றிய பின்னர் ஓசூர் பெருந்தொழில் நகரமாயிற்று. முலாம் பூசும் தொழிலுக்குக் குரோமியமும் நிக்கலும், மின்கலத் தொழிலுக்கு ஈயமும் வேண்டும். ஆறிணைதிறன் குரோமியம் நீரில் எளிதிற் கரைவது, மிகக் கொடியது. ஆலையிலேயே அதனை மூவிணைதிறன் நிலைக்கு மாற்றிச் சுண்ணாம்பு இட்டால், வண்டலாகப் படிந்துவிடும். அவ்வண்டலையும் காத்தல் வேண்டும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஆலையொன்றின் குரோமியக் கழிவு வெளியிற் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது நமக்குப் பாடமாகும்.

ஓசூர்ப் பகுதி கடும்பாறை நிலம். நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடுவதால், ஒரு கிணறு தூயதாயிருக்க அடுத்த கிணறு கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதே வழி. இந்தியத் தர அளவின்படி ஈயத்தின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டியில் 10 மில்லிகிராம் மட்டுமே!

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. நீர் ஆவியாகக் குறையுமாதலால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே, மாணவர்களே, உங்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது, கன உலோகங்களையும் சேர்த்துச் சோதிக்குமாறு கேளுங்கள். முடிவை ஊராட்சியின் பலகையில் எழுதச் செய்யுங்கள். ஊரார் அறிந்த தீங்கே ஊராரால் தடுக்கப்படும்.