எழுத்தின் பெயரும் ஒலியும்

ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் மழலை மொழியில் ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டு மகிழாத பெற்றோர் இலர். அதே குழந்தை 'பென்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைப் படிக்க இயலாது விழிக்கும்போது, "இதற்குப் படிப்பே ஏறாது" எனச் சலித்துக்கொள்வோரும் உண்டு. குறை பெரும்பாலும் கற்பிக்கும் முறையிலேயே உள்ளது.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'பி, ஈ, என்' என்பன எழுத்துகளின் பெயர்கள். எத்துணை விரைவாகச் சொன்னாலும் அவற்றினின்று 'பென்' பிறவாது. 'ப், எ, ன்' என ஒலிகளைக் கூட்டினால் சொல் தானே பிறக்கும். இதுவே 'ஃபோனிக்ஸ்' எனப்படும் ஒலிவழிக் கற்பித்தல்.

இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் 2006-இல் அளித்த அறிக்கை இம்முறையைப் பரிந்துரைத்தது. 2012 முதல் அங்கு 5, 6 வயதுப் பிள்ளைகள் 40 சொற்களைப் படித்துக்காட்டும் சோதனை நடைபெறுகிறது. அவற்றுள் 20 பொருளற்ற சொற்கள். அவற்றை மனப்பாடத்தால் படித்தல் இயலாது. ஒலி கூட்டத் தெரிந்த பிள்ளையே படிக்கும்.

இல்லத்தில் நாள்தோறும் 10 நிமிடம் ஒதுக்கினாலும் பயன் உண்டு. எழுத்துகள் அனைத்தையும் ஒருங்கே புகட்ட வேண்டா. டி, பி, ஐ, என் ஆகிய நான்கின் ஒலிகளை அறிந்தாலே 'பின்', 'டின்', 'டிப்' என்னும் சொற்களைப் படிக்கலாம். ஒலிக்கையில் ஒன்றைக் கவனிக்க: 'ப்' என்பதைப் 'பு' என நீட்டினால், 'பென்' என்பது 'புஎனு' ஆகிவிடும். ஆகவே மெய்யொலியைக் குறுக்கியே சொல்லுங்கள்.

எழுதுதல் இதன் மறுபக்கம். சொல்லைக் கேட்டு, ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லியவாறே குழந்தை எழுதட்டும். 'வன்' என ஒலிக்கும் ஒன்று என்னும் எண்ணின் பெயர் போன்ற, ஒலிக்கு அடங்காத சொற்களைத் தனியே பழக்குங்கள்.

தமிழுக்கும் இது துணைபுரியும். 247 எழுத்துகளும் 247 சுமைகள் அல்ல. 12 உயிரும் 18 மெய்யும் கூடும் வகையை உணர்ந்த குழந்தை, 'ட, ப, ம்' கற்றவுடனே 'படம்' படித்துவிடும்.

படித்த சொல்லின் பொருளைக் கேளுங்கள், கதைகள் சொல்லுங்கள். பொருளறியாத வாசிப்பு நிறைவு பெறாது. பெற்றோரே, பிள்ளையை 'மக்கு' என்று அழைக்குமுன், எழுத்தின் ஒலியை அதற்கு எவரேனும் சொல்லித் தந்தனரா என்று எண்ணிப் பாருங்கள்.