குற்றம் சாட்டப்பட்டவரே எழுதும் அறிக்கை: ரோஹிங்கியா வழக்கில் நவம்பர் 23

2025 நவம்பர் 23ஆம் தேதிக்குள் மியான்மர் அரசு, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டியிருந்தது. ரோஹிங்கியா மக்களைப் பாதுகாக்க என்னென்ன செய்தோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் அறிக்கை அது. கெடுக்கணக்குப்படி அது 12ஆவது. இதைப் பற்றி ஒரு சிறு செய்தி போட்டதும் வாசகர் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ‘தீர்ப்புதான் எப்போதோ வந்துவிட்டதே, இன்னும் என்ன அறிக்கை?’ என்று பாதிப் பேர். ‘இது காசா வழக்கு இல்லையா?’ என்று மீதிப் பேர்.

தீர்ப்பு வரவில்லை. 2020 ஜனவரி 23 அன்று வந்தது இடைக்கால உத்தரவு. காம்பியா 2019 நவம்பரில் தொடுத்த வழக்கில், நடந்தது இனப்படுகொலையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை நான்கு கட்டளைகள்: மிச்சமிருக்கும் மக்களைக் காப்பாற்று, படையைக் கட்டுக்குள் வை, ஆதாரங்களை அழிக்காதே, அறிக்கை கொடு. அத்தனை நீதிபதிகளும் ஒருமனதாகப் போட்ட உத்தரவு.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ராக்கைன் மாநிலத்தில் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அரசு தரப்பு அதை ‘பயங்கரவாதிகளை அப்புறப்படுத்தும் நடவடிக்கை’ என்கிறது. மியான்மர் ராணுவத்தின் அகராதியில் அதற்குப் பொருள், ஊர் ஊராகக் கொளுத்தி ஏழு லட்சம் பேரை வங்கதேசத்துக்குள் விரட்டுவது. இறந்தவர்கள் சுமார் 400 பேர், அவர்களிலும் பெரும்பாலோர் பயங்கரவாதிகள் என்பது அரசு சொன்ன கணக்கு. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு வங்கதேச அகதி முகாம்களில் கணக்கெடுத்து, முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையில் இறந்தார்கள் என்றது. அதில் 730 பேர் ஐந்து வயதுக்கும் கீழ்ப்பட்ட குழந்தைகள்.

அறிக்கைக்கு வருவோம். அதை யார் எழுதுகிறார்கள்?

முதலில் எழுதியது ஆங் சான் சூகியின் அரசு. முதல் அறிக்கைக்கான கெடுவுக்கு ஆறு வாரம் முன்னால், 2020 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் அலுவலகம் ஆணைகள் பிறப்பித்தது. இனப்படுகொலை ஒப்பந்தத்தை மீறக் கூடாது, சாட்சியங்களை அழிக்கக் கூடாது. அறிக்கையில் சேர்ப்பதற்கென்றே தைத்த சட்டைபோல் இருந்தன அந்த ஆணைகள். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்றிலிருந்து அறிக்கை எழுதுவதும் ராணுவ ஆட்சிதான். எந்தப் படைமீது குற்றச்சாட்டோ, அந்தப் படையின் நடத்தை பற்றி அதே படை சான்று தருகிறது.

இதைக்கூட நீதிமன்ற நடைமுறை என்று பொறுத்துக்கொள்ளலாம். பிரதிவாதி தன் பக்கத்தைச் சொல்லத்தான் செய்வார். என்னை உறுத்துவது அடுத்த படி. அந்த அறிக்கை ரகசியம். நீதிமன்றத்துக்கு ஒரு பிரதி, காம்பியாவுக்கு ஒரு பிரதி. காம்பியா பதில் கருத்து எழுதலாம். அதுவும் வெளியே வராது. இடைக்கால உத்தரவுகள் நிறைவேறுகின்றனவா என்று கவனிக்க மூன்று நீதிபதிகள் கொண்ட குழு ஒன்றை அமைக்கலாம் என 2020 டிசம்பரில் நீதிமன்றம் தன் உள்விதியைத் திருத்தியது. அந்தக் குழுவின் பரிந்துரையும் நீதிமன்றத்துக்குள்ளேயே நின்றுவிடும். வழக்கு ஆவணங்களை வாய்மொழி வாதம் தொடங்கும்வரை மூடிவைப்பது இந்த நீதிமன்றத்தின் பழைய வழக்கம். எல்லைத் தகராறுக்கு அது பொருந்தும். உயிரோடு மிச்சமிருப்பவர்களைக் காக்கச் சொன்ன உத்தரவில், தாங்கள் காக்கப்படுவதாக எழுதியிருப்பதை அந்த மக்களே படிக்க முடியாது என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஓர் உதாரணம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும், ராணுவம் ரோஹிங்கியா இளைஞர்களையும் ராக்கைனிலுள்ள முகாம்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. குடிமக்களே அல்ல என்று 1982 குடியுரிமைச் சட்டத்தால் ஒதுக்கியவர்களைக் குடிமக்களுக்கான சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அறிக்கையில் இது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, வருகிறதா என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் சாதாரண ஆட்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். துன் கின் தலைமையில் லண்டனிலிருந்து இயங்கும் ‘புரூக்’ என்ற பர்மிய ரோஹிங்கியா அமைப்பு, அரசின் அறிக்கைக்கு நாள் நெருங்கும்போதெல்லாம் தன் பங்குக்கு ஓர் அறிக்கை வெளியிடுகிறது. உத்தரவு எங்கெங்கே மீறப்பட்டது என்று சம்பவம் சம்பவமாக அடுக்கி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள். அரசின் அறிக்கையையும் வெளியிட வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. நிறைவேறவில்லை.

இதேபோல் ஒரு காரியம் வங்கதேசத்திலுள்ள குதுபாலாங் முகாமில் அதற்கு முன்பே நடந்தது. மொஹிபுல்லா என்ற ஆசிரியரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் குடிசை குடிசையாகப் போய்க் கையால் ஒரு பட்டியல் எழுதினார்கள். இறந்தவர் பெயர், வயது, தந்தை பெயர், ஊர், எப்படிக் கொல்லப்பட்டார். ஒரே பெயரில் பலர் இருக்கும் சமூகத்தில் தந்தை பெயரும் ஊரும் இல்லாவிட்டால் இருவர் ஒருவராகிவிடுவார்கள், அல்லது ஒருவரே இருமுறை எண்ணப்படுவார். முறையாகப் பயிற்சி பெறாதவர்கள், இழப்பைச் சந்தித்தவர்களிடமே கேட்டு எழுதிய பட்டியல். நீதிமன்றம் அதை அப்படியே ஆதாரமாக ஏற்றுக்கொள்ளாது, ஏற்கவும் கூடாது. ஆனால் விசாரணையாளர் எந்த ஊரில் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு, வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனங்களுக்குப் பிடிக்காத சங்கடம். வந்த பல நிறுவனங்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான அதே பெண்களை உட்காரவைத்து அதே கதையைச் சொல்லச் சொன்னன. பலமுறை சொன்ன வாக்குமூலங்களில் தேதி மாறும், இடம் மாறும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது அல்வா. முகாம் பெண்களே கூடி அமைத்த ‘சாந்தி மொஹிலா’ குழு, சட்ட உதவியோடு, தானே முறையிட்டது. 2018இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போன அவர்களின் மனுவுக்குப் பின்னால் 400 பேர் இருந்தார்கள்.

2019 ஆகஸ்ட் 25 அன்று மொஹிபுல்லா முகாமில் நடத்திய நினைவுக் கூட்டத்துக்குப் பெருந்திரளாக ஆட்கள் வந்தார்கள். சில நாட்களில் வங்கதேச அரசு முகாம்களில் மொபைல் இணையத்தைக் கட்டுப்படுத்தியது. சொன்ன காரணம் பாதுகாப்பு. 2021 செப்டம்பர் 29 இரவு முகாமிலேயே மொஹிபுல்லா சுட்டுக் கொல்லப்பட்டார். அர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக்குழுதான் செய்தது என்கிறது குடும்பம். அந்தக் குழு மறுத்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

காம்பியாவுக்கு இதில் என்ன வேலை? 1948 இனப்படுகொலை ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாடும் இன்னொரு உறுப்பு நாட்டின் மீது வழக்குத் தொடுக்கலாம், தனக்கு நேரடிப் பாதிப்பு தேவையில்லை என்று 2022 ஜூலையில் 15க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கைத் தொடுத்த அப்போதைய காம்பிய நீதி அமைச்சர் தம்பாது, ருவாண்டா தீர்ப்பாயத்தில் பணியாற்றியவர்.

காசா வழக்கு? அதே நீதிமன்றம், அதே ஒப்பந்தம், வேறு வழக்கு, தொடுத்தது தென்னாப்பிரிக்கா.

முள்ளிவாய்க்காலுக்கு இதே வழி இல்லையா? இலங்கை 1950இலேயே ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. வழி இருக்கிறது, முன்வந்த நாடு இல்லை.

இந்தியா தொடுக்கலாமா? வழக்கை இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிசெய்யும் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவுக்கு விலக்குச் சொல்லித்தான் இந்தியா சேர்ந்தது. எனவே எதிர்பார்க்க வேண்டாம்.

தளபதிகள் சிறைக்குப் போவார்களா? இந்த வழக்கில் இல்லை. இது நாட்டின் மீதான வழக்கு. தனிநபர்களுக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. அப்போது ராணுவத் தலைவராக இருந்த மின் ஆங் ஹ்லைங்குக்கு வாரண்ட் கேட்டு அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் 2024 நவம்பரில் மனு போட்டார். புரூக் கொடுத்த புகாரின் பேரில் அர்ஜென்டினா நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் வாரண்டே பிறப்பித்துவிட்டது.

இப்போது ராக்கைனில் பெரும்பகுதி அராகன் ஆர்மி என்ற ஆயுதக்குழுவின் கையில்தானே? ஆமாம். அது நாடு அல்ல; இந்த உத்தரவு அதைக் கட்டுப்படுத்தாது.

மியான்மர் உத்தரவை மீறினால்? விஷயம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போகலாம். அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் வீட்டோ.

சென்னை அருகே கேளம்பாக்கத்தில் இருக்கும் ரோஹிங்கியா குடும்பங்கள்? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அட்டையை இங்கே அரசு மதிக்கலாம், மதிக்காமலும் விடலாம்.