நீலவேணி ஓடிய அந்த ஒரு நாள்

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அப்பாவுக்குத் தேசிங்குராஜன் கதை என்றால் உயிர். 1960-இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘ராஜா தேசிங்கு’ படத்தைத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது பார்த்தாராம். அவர் கதை சொல்லும் ஒவ்வொரு முறையும் நவாப்பின் படை பெருகிக்கொண்டே போகும். அண்மையில் இந்தச் சண்டையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்பா சொன்ன கதையைவிட அது சின்னது. ஆனால் என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

செஞ்சிக் கோட்டையை மராட்டியரிடமிருந்து பிடிக்க ஔரங்கசீப்பின் படைக்கு 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் ஆயின. பிறகு கோட்டைப் பொறுப்பு சொரூப்சிங் என்ற புந்தேல ராஜபுத்திரர் கைக்கு வந்தது. ஆற்காட்டில் இருந்தவர் நவாப் சாதத்துல்லா கான். இருவருக்கும் எசமான் டில்லி பாதுஷாதான். இதை நாம் மறந்துவிடுகிறோம். அந்நியன் படையெடுத்து வந்த போர் அல்ல இது. ஒரே பேரரசின் இரண்டு அதிகாரிகளுக்குள் மூண்ட உள்வீட்டுச் சண்டை.

காரணம், வரிப் பாக்கி! சொரூப்சிங் கட்டவேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்தது. 1714-இல் அவர் இறக்க, மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றார். தமிழர் வாயில் அவர் தேசிங்கு ஆனார். அப்போது வயது 22. பாக்கியைக் கட்டு, புதிய பாதுஷாவிடம் உத்தரவு வாங்கி வா என்றது ஆற்காடு. அப்பாவுக்கு ஔரங்கசீப் கொடுத்த உத்தரவே போதும் என்றார் தேசிங்கு. இன்றைக்கென்றால் வக்கீல் நோட்டீசோடு முடிந்திருக்கும்.

அவரிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள். எதிரே பல ஆயிரம் பேர். 1714 அக்டோபரில், கடலி என்ற ஊர்ப் பக்கம் இரு தரப்பும் மோதின. ஆற்றில் வெள்ளம். தேசிங்கு குதிரையை ஆற்றில் இறக்கிவிட்டார். பின்னால் வந்தவர்களில் பலரால் கடக்க முடியவில்லை. கோட்டைக்குள் இருந்தபடியே தாக்குப்பிடித்திருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்டுவிடலாம். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை அது! ஆனால் 22 வயதில் யாருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கிறது?

உடன் நின்றவர் உயிர் நண்பர் மாபத்கான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவர் என்கிறது கதைப்பாடல். அவர் முதலில் விழுந்தார். அதன் பிறகும் தேசிங்கு பின்வாங்கவில்லை. குதிரையின் கால்கள் வெட்டுப்பட்டன. கடைசியில் துப்பாக்கிக் குண்டு அவர் உயிரை வாங்கியது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

இதை இந்து ராஜா, முஸ்லிம் நவாப் சண்டையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. ராஜாவுக்காக உயிர்விட்டவர் மாபத்கான். நவாப்பின் வரவு செலவைப் பார்த்தவரோ லாலா தோடர்மால். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் குடும்பத்தோடு சிலையாகக் கைகூப்பி நிற்கிறாரே, அதே தோடர்மால்தான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை நட்பும் சம்பளமும் தீர்மானித்திருக்கின்றன, சாமி அல்ல.

வென்ற நவாப், தேசிங்கின் உடலைச் செஞ்சிக்குக் கொண்டுபோய் மரியாதையோடு தகனம் செய்ய வைத்தார். இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகத்தான் ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை எழுந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர் இன்று அது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் செஞ்சியில் இறங்கலாம். ராஜகிரி மலைக்கு வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். கடலிக்கு அருகே நீலாம்பூண்டியில் மாபத்கானின் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு சமாதி. அதில் உறங்குவது தேசிங்கின் குதிரை நீலவேணி என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.